மாஸ்டர் பிளான் வரைவு வந்துவிட்டதா? ஆட்சேபணையை இப்படி எழுதுங்கள்

கோயம்புத்தூரின் பழைய மாஸ்டர் பிளான் 1994-இல் ஒப்புதல் பெற்றது, அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வர 2024 ஆகிவிட்டது. எது குடியிருப்பு, எது விவசாயம், எது தொழிற்சாலை என்று மாஸ்டர் பிளான் வரைபடத்தில் ஒரு தடவை நிறம் பூசிவிட்டால் ஒரு தலைமுறைக்கு அதுதான். அதனால் உங்கள் ஊருக்கு வரைவு வந்தால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு பற்றி அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும், ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். உங்கள் கடிதத்துக்கு மதிப்பிருப்பது அந்த இரண்டு மாதத்தில்தான்.

வரைபடத்தில் தெருப் பெயரைத் தேடாதீர்கள், சர்வே எண்ணைத் தேடுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) புல வரைபடமும் (அந்த நிலத்தின் அளவுப் படம்) கிடைக்கும். அவற்றைப் பிரிண்ட் எடுத்து வரைவுக்குப் பக்கத்தில் வைத்து உட்பிரிவு உட்பிரிவாகப் பாருங்கள். புல வரைபடத்தில் வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் போகும், அ-பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு நேராக ‘வாய்க்கால்’ அல்லது ‘ஓடை புறம்போக்கு’ என்றே இருக்கும், ஆனால் வரைவில் அந்த இடம் முழுக்கக் குடியிருப்பு நிறத்துக்குள் முங்கிப் போயிருக்கும். அதை அப்படியே விட்டால் நாளைக்கு அங்கே மனை போட்டு விற்பார்கள், மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சுற்றியிருக்கும் வீடுகளுக்குள் வரும். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும், நிலம் உங்களுடையதாக இல்லாவிட்டாலும்.

எழுதும்போது ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை. “எங்கள் பகுதியில் அடிப்படை வசதி இல்லை” என்று எழுதினால் யாருக்கும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “இன்ன கிராமம், சர்வே எண் 214/2, அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு, வரைவில் குடியிருப்பு, நீர்நிலை என்று திருத்தவும், நகல் இணைப்பு” என்று எழுதுங்கள், போதும்.

விவசாய வகையில் இருக்கும் உங்கள் நிலத்தைக் குடியிருப்பாக்கக் கேட்பதும் இப்போதே நல்லது. திட்டம் ஒப்புதல் ஆகிவிட்டால் அப்புறம் அதே சட்டத்தின் 32(4) பிரிவில் நில உபயோக மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பித்து அலைய வேண்டும். சுற்றியுள்ள அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகள், போகும் சாலையின் அகலம், நிலம் நஞ்சையா புஞ்சையா, இதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். ஏரி, கால்வாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டில் இன்னும் நெல் விளைகிற நிலம் என்றால் கேட்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

நிறத்தோடு நிறுத்திவிட வேண்டாம், சாலை அகலத்தையும் பாருங்கள். எவ்வளவு கட்டலாம் என்பதை 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் சொல்லிவிட்டன: சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்பு குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அடுக்குமாடி வகை, 18 மீட்டர் சாலை இருந்தால் 3.25 வரை போகலாம். ஆக உங்கள் தெருவை வரைவில் 18 மீட்டராகக் காட்டியிருந்தால், வீட்டு முன்பக்கம் எவ்வளவு போகும், எதிரே என்ன உயரத்தில் கட்டடம் வரும், இரண்டையும் இப்போதே கணக்குப் பாருங்கள்.

பூங்கா விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பதால் பூங்கா தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்டவும் விதியில் வழி இருக்கிறது. சின்னச் சின்ன மனைப்பிரிவாகவே வளரும் ஊரில் பிள்ளைகள் விளையாட ஒரு மூலைகூட மிஞ்சாமல் போகலாம். காலியாகக் கிடக்கும் புறம்போக்கு இருந்தால் அதன் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுத் திறந்தவெளி, பொழுதுபோக்கு உபயோகம் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடிதத்தை வரைவைத் தயாரித்த உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனுப் போட்டு, உங்கள் மனு மீது என்ன முடிவெடுத்தார்கள் என்று அந்தக் கோப்புக் குறிப்பின் நகலையே கேளுங்கள்.