மின்சாரக் காரை லீஸுக்கு எடுக்கும் முன் குமரி மாவட்டத்தார் போட வேண்டிய கணக்கு

மின்சாரக் காரைக் கடனில் வாங்காமல் மாத வாடகைக்கு, அதாவது லீஸுக்கு எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களை மட்டுமே பார்க்கிறார்கள். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஒன்று. ஒரு முறை முழுதாகச் சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நிறுவனம் சொல்வது மற்றொன்று. முதல் எண் ஒப்பந்தத்தின் உள்பக்க விதிகளால் கூடிவிடும். இரண்டாம் எண் நம் சாலையாலும் காற்றாலும் நாம் ஓட்டும் வேகத்தாலும் குறைந்துவிடும். லீஸ் என்பது கிலோமீட்டரை அளந்து பணம் வாங்கும் ஏற்பாடு; மின்சாரக் காரின் செலவும் கிலோமீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்பதில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மாத ஓட்டம்

மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்பதை உத்தேசமாகச் சொல்லக் கூடாது. இப்போது வைத்திருக்கும் வண்டியின் சர்வீஸ் ரசீது ஒவ்வொன்றிலும் அதுவரை ஓடிய தூரம் எழுதப்பட்டிருக்கும். இரண்டு ரசீதுகளுக்கு இடையே ஓடிய தூரத்தை இடைப்பட்ட மாதங்களால் வகுத்தால் உண்மையான சராசரி கிடைத்துவிடும்.

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள் என்றால் 1,650 கிலோமீட்டர். நாகர்கோவிலில் ஒரு திருமணம், குளச்சலில் உறவினர் வீடு, விடுமுறையில் கன்னியாகுமரி என்று இன்னும் 250 கிலோமீட்டர் சேர்த்தால் மாதம் 1,900 ஆகிவிடும். இவர் மாதத் தொகை குறைவாக இருக்கிறதே என்று 1,500 கிலோமீட்டர் வரம்புள்ள திட்டத்தை மூன்றாண்டுக்கு எடுத்தால், ஒப்பந்தம் முடியும்போது 14,400 கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருப்பார். கூடுதல் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கடைசி நாளில் 1,15,200 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். சிறிய ஓட்டத்துக்குப் பெரிய வரம்பு எடுப்பதும் வீண் செலவே; ஆனால் வரம்புக்கு மேல் போவதன் இழப்பு அதைவிடக் கடுமையானது. வரம்பு மாதந்தோறும் கணக்கிடப்படுகிறதா, ஆண்டுக்கா, ஒப்பந்தக் காலம் முழுமைக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தமாகக் கணக்கிடுவதே நமக்கு நல்லது, ஏனெனில் ஒரு மாதம் மிச்சமாகும் தூரம் இன்னொரு மாதத்துக்கு உதவும்.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்

நிறுவனங்கள் அறிவிக்கும் தூரம், எம்.ஐ.டி.சி. எனப்படும் இந்தியச் சோதனை முறைப்படி ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஓட்டிக் கண்டறியப்படுவது. அங்கே வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. எதிர்க்காற்றும் ஏற்றமும் மழையும் இல்லை. டாடா நெக்ஸானின் 45 யூனிட் பேட்டரி கொண்ட மின்சார வகைக்கு இந்த முறையில் சொல்லப்படும் தூரம் 489 கிலோமீட்டர். ஆனால் வாடிக்கையாளர்களுக்கு நடைமுறையில் கிடைக்கும் தூரம் என்று அதே நிறுவனம் சொல்வது 350 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் காரின் விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்கலாம்.

இதைவிட நம்பகமான அளவுகோல், ஒரு யூனிட் மின்சாரத்தில் கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது. காரின் திரையில் இது பெரும்பாலும் கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி என்று காட்டப்படும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி; ஆகவே 1,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் யூனிட்டுக்கு உரிய தூரம் வந்துவிடும்: 140 என்று காட்டினால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல், 180 என்று காட்டினால் ஐந்தரைக்குச் சற்று மேல்.

நம் மாவட்டத்தில் இந்த எண் சாலைக்குச் சாலை வெகுவாக மாறும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை செல்லும் சாலை வளைவும் நெரிசலும் நிறைந்தது. வேகம் எடுக்கவே இடம் கிடைக்காது. பெட்ரோல் காருக்கு இது கெட்ட சாலை. மின்சாரக் காருக்கோ நல்ல சாலை, ஏனெனில் குறைந்த வேகத்தில் காற்றின் தடை மிகக் குறைவு. ஒவ்வொரு முறை வேகத்தைக் குறைக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. காவல்கிணறு தாண்டி நான்கு வழிச்சாலையில் ஏறி 100 கிலோமீட்டர் வேகத்தில் திருநெல்வேலிக்குப் போகும்போதுதான் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். அந்தச் சாலையில் 80-ல் நிதானமாகப் போனால் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் காற்றுத் தடைக்காகச் செலவாகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகள் இத்தனை நெருக்கமாக நிற்பதற்குக் காரணமான ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்கிறது. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும்போது அது நம்மைப் பின்னிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் மீது 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், காற்றைப் பொறுத்தவரை அந்தக் கார் 110-ல் ஓடுகிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி உயர்வதால் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். போகும்போது கிடைத்த நல்ல எண்ணை நம்பித் திரும்பும் வழிக்குப் பேட்டரியைக் கணக்கிடுவது இந்தப் பருவத்தில் சரிப்படாது. வள்ளியூரைத் தாண்டும்போதே சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

ஏற்றத்தின் கணக்கு எளிது. ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குக் கிட்டத்தட்ட அரை யூனிட் கூடுதலாகச் செலவாகும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களிலிருந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடிக்குப் போனால் ஏற்றத்துக்காக மட்டும் ஐந்து யூனிட்டுக்கு மேல் வேண்டும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் மலை உச்சியில் பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கக் கூடாது. நிறைந்த பேட்டரியில் திரும்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. ஏ.சி. பெரும்பாலும் மணிக்கு ஒரு யூனிட் அளவில் எடுக்கும் என்பதால், நெரிசலில் நெடுநேரம் நிற்கும்போதுதான் அதன் பாதிப்பு தெரியும். டயரில் காற்று குறைந்திருந்தாலும் சாலையில் மழைநீர் நின்றாலும் எண் இறங்கும். கடுங்குளிர் நாடுகளில் பேட்டரியின் திறனைக் கரைக்கும் பனிக்காலம் நமக்கு இல்லை. அது இந்த மாவட்டத்துக்கு வாய்த்த நன்மை.

ஆகவே கார் விற்பனையகத்தார் கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அதே மாதிரியை ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்தோ, வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டோ, நீங்கள் அன்றாடம் போகும் வழியிலேயே, அதே நேரத்தில், அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து, பயண மீட்டரைப் பூச்சியமாக்கி, ஓட்டி முடித்ததும் மறுபடி முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். இரண்டாம் முறை வீட்டு மீட்டரில் ஏறிய யூனிட்டால் ஓடிய தூரத்தை வகுத்தால் கிடைப்பதே உங்கள் பணப்பைக்கு உரிய எண். திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியேறிய மின்சாரத்தை மட்டுமே. வீட்டில் சார்ஜ் செய்யும்போது பத்து விழுக்காடு அளவில் வீணாவது அதில் சேராது.

வீட்டு மின் இணைப்பு

மாதம் 1,900 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால், இழப்பையும் சேர்த்து மாதம் 300 யூனிட் வரை ஆகும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையையும் உயர்த்துகிறார்கள். இந்த 600 யூனிட் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டின் மேல் ஏறுவதால், அதன் செலவு கீழ்ப்படி விலையில் அமையாது, உங்கள் மேல்படி விலையில்தான் அமையும். கடைசி மின்கட்டண ரசீதை வைத்து, 600 யூனிட் சேர்த்தால் தொகை எவ்வளவாகும் என்று பார்த்து, வித்தியாசத்தை லீஸ் தொகையோடு கூட்டுங்கள். மாடியில் இடமிருந்தால் சூரியத் தகடுகள் இந்தக் கணக்கை மாற்றிவிடும். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் செய்தால் மணிக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் ஏறும். இரவு எட்டு மணி நேரத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடத் தேவையானது கிடைத்துவிடும். அன்றாட வேலைக்கு இதுவே போதும். ஆனால் அந்தப் பிளக்குக்குத் தனி வயரும் மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் நல்ல எர்த்தும் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் கார் சார்ஜ் ஏற்க மறுக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை லீஸுக்குக் கையெழுத்திடும் முன்பே பெற வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபின் நம் ஊர்களில் பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பேட்டரியைப் பாதிக்குக் கீழே விடாதிருப்பது நல்லது.

ஒப்பந்தத்தைப் படிக்கும் முறை

மாதத் தொகையில் காப்பீடு, சர்வீஸ், டயர், ஜி.எஸ்.டி. ஆகியவற்றில் எவை அடங்கும், எவை அடங்காது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காப்பீட்டில் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் இழப்பீடு உண்டா என்பது, மழைக்காலத்தில் தாழ்வான சாலைகளில் வெள்ளம் ஏறும் நம் பகுதிக்கு இன்றியமையாத கேள்வி.

ஆர்.சி. யார் பெயரில், எந்த மாநிலத்தில் என்பதைப் பாருங்கள். வேறு மாநிலப் பதிவெண்ணுள்ள காரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே புதிய எண் பெற வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் யாருடையது என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும். முதலிலேயே டி.என். 74 அல்லது 75 எண்ணில் பதிந்து தரக் கேட்பது நல்லது. நாள்தோறும் கேரள எல்லையைத் தாண்டுபவர்கள், அதற்குத் தடையோ கூடுதல் கட்டணமோ ஒப்பந்தத்தில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இடையில் முடித்துக்கொண்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது பலர் படிக்காத விதி. வளைகுடாவில் வேலை கிடைத்து ஒன்றரை ஆண்டில் புறப்பட நேர்வது நம் மாவட்டத்தில் அரிதான செய்தியல்ல. அப்படிப்பட்ட குடும்பம் மீதமுள்ள மாதத் தொகையில் பெரும்பகுதியைக் கட்ட நேர்ந்தால் லீஸின் ஆதாயம் முழுதும் போய்விடும். ஒப்பந்த முடிவில் காரை வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னால், வாங்கும் விலையை இன்றே எழுத்தில் கேளுங்கள். பேட்டரி உத்தரவாதம் அப்போது உங்களுக்கு மாறுமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதத்தை முதல் உரிமையாளருக்கு மட்டுமே தருகின்றன. லீஸில் முதல் உரிமையாளர் நீங்களாக இல்லாமலிருக்கலாம்.

கார் நம்முடையது, பேட்டரி மட்டும் வாடகைக்கு என்ற இன்னொரு முறையும் உண்டு. எம்.ஜி. நிறுவனம் 2024 செப்டம்பரில் விண்ட்சர் காரை அறிமுகம் செய்தபோது, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் என்று அறிவித்தது. மாதம் 1,900 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்த விலையில் பேட்டரி வாடகை மட்டும் 6,650 ரூபாய், மின்கட்டணம் வேறு. மாதம் ஓட்டம் குறைவாக உள்ளவர்களுக்கு இது ஏற்றதாகத் தோன்றினாலும், குறைந்தபட்சக் கிலோமீட்டருக்கு வாடகை கட்டியே தீர வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், நாள்தோறும் திருவனந்தபுரம் போகிறவருக்கு இது ஏற்ற வழியல்ல.

காரைப் பெற்றுக்கொள்ளும் நாளில் நான்கு பக்கமும், சக்கரங்களும், உட்புறமும், ஓடிய தூரம் காட்டும் திரையும் தெரியப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் அடிப்பகுதி துருப்பிடிக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சேதம் என்று கணக்கிடுவார்களா, இயல்பான தேய்மானம் என்று ஏற்பார்களா என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள். வழக்கு என்றால் மும்பையிலோ டெல்லியிலோதான் நடத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் தயங்க வேண்டாம்: சொந்தப் பயன்பாட்டுக்காகக் காரை எடுத்தவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம்.