தனுசு திசையின் தூசியை அளப்பது எப்படி?

மார்ச் கடைசியில் விடியற்காலை 4.30 மணிக்கு முட்டம் பாறையில் நின்று தெற்கே பாருங்கள். ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் தனுசு விண்மீன் குழுவின் திசையில் பால்வீதியின் நடுப்பகுதி தெரியும். அதிலுள்ள கறுப்புத் திட்டுகள் வெற்றிடம் அல்ல, தூசி. நீல ஒளியைக் கூடுதலாகத் தடுப்பதால் பின்னாலிருக்கும் விண்மீன்கள் சிவந்து தெரிகின்றன.

இந்தத் தூசியை அளப்பதற்கு, சிலியிலுள்ள விஸ்டா தொலைநோக்கி அகச்சிவப்பில் பால்வீதியின் நடுப்பகுதியைப் படமெடுத்த விவிவி ஆய்வின் தரவும் ஒரு மடிக்கணினியும் போதும். வானத்தை 6 கோண நிமிடக் கட்டங்களாகப் பிரியுங்கள் (60 கோண நிமிடம் 1 பாகை). 'ரெட் கிளம்ப்' எனும் செம்பூதங்களை (ஏறத்தாழ ஒரே நிறமுள்ள முதிர்ந்த பெரிய விண்மீன்கள்) மட்டும் எடுங்கள். ஜே, எச், கேஎஸ் என்பவை அகச்சிவப்பு வடிகட்டிகள்; இரண்டில் தெரியும் ஒளியளவுகளின் வித்தியாசமே நிறம். தூசியில்லாதபோது அவற்றின் இயல்பான ஜே–கேஎஸ் நிறம் ஏறக்குறைய 0.68. நிறத்தை 0.05 அகலப் பட்டைகளில் எண்ணி உச்சியைக் கண்டுபிடியுங்கள். உச்சி 1.28 என்றால் சிவப்பேற்றம் 0.60. சிவப்பேற்றத்தை மங்கலாக மாற்றும் நிஷியாமா விதியின் 0.528ஆல் பெருக்கினால், கேஎஸ் ஒளியைத் தூசி குறைத்த அளவான கேஎஸ் மங்கல் 0.32. பழைய கார்டெல்லி விதியின் 0.689 போட்டால் 0.41 வரும், எதைப் பயன்படுத்தினீர்கள் என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீலப் பக்கம் இன்னொரு உச்சி வந்தால் அது முன்னால் நிற்கும் வட்டு விண்மீன்கள், அதைத் தள்ளுங்கள். பால்வீதி வட்டின் மையத்தளத்தை ஒட்டிய கட்டங்களில்தான் பெரிய ஏமாற்றம்: அடர்ந்த தூசிக்குப் பின்னுள்ளவை ஜே படத்தில் பதிவதே இல்லை, அதனால் தூசி குறைவென்று கணக்கு பொய் சொல்லும். அங்கே எச்–கேஎஸ் நிறத்துக்கு மாறுங்கள். கேஎஸ் ஒளியளவு 12ஐவிடப் பிரகாசமானவை (எண் குறைந்தால் பிரகாசம் கூடும்) விஸ்டாவில் தெவிட்டிவிடும், அதாவது சரியாக அளக்க முடியாது. அவற்றுக்கு 2மாஸ் எனும் பழைய அகச்சிவப்பு ஆய்வின் தரவைச் சேருங்கள்.