முதலாமாண்டு மாணவர் வழிகாட்டலை ஒரே நாளில் முடிக்காமல் பத்து வாரங்களுக்கு நீட்டிப்பது எப்படி?

கும்பகோணம் வட்டாரத்தில் நான் பணிபுரியும் கலை அறிவியல் கல்லூரியில், புதிய மாணவர்களுக்கான வழிகாட்டல் பல ஆண்டுகளாக ஒரே நாளில் நடந்துவந்தது. காலையில் குத்துவிளக்கு ஏற்றியதும் முதல்வர், துறைத்தலைவர்கள், நூலகர், உடற்கல்வி இயக்குநர் என ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். பிற்பகலில் பிள்ளைகள் வீடு திரும்பிவிடுவார்கள். ஓராண்டு, பருவத்தேர்வு நெருங்கிய வேளையில் ஒரு மாணவி என்னிடம் வந்து, "வருகை எழுபத்தைந்து சதவீதம் இருக்கணும்னு எங்ககிட்ட யாருமே சொல்லலையே மேடம்" என்று அழுதாள். அதை மேடையில் சொன்னவளே நான்தான். ஆனால் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் நாளில் அந்தச் செய்தி அவளுக்குத் தேவைப்படவில்லை என்பதால் அது அவள் மனத்தில் தங்கவில்லை. எது எந்த வாரத்தில் தேவைப்படுமோ, அதை அந்த வாரத்தில் சொல்ல வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. எங்களைப் போல இரண்டு சுழற்சிகளில் இயங்கும், வகுப்பறைப் பற்றாக்குறை உள்ள கல்லூரியில் வகுப்புகளை மூன்று வாரம் நிறுத்திவைக்க இயலாது. எனவே வாரம் ஒரு பாடவேளை, பத்து வாரங்கள் என்ற முறையை இங்கே விளக்குகிறேன்.

படி 1: பட்டியலைப் பிரித்தல்

இப்போது ஒரே நாளில் சொல்லப்படும் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் மாணவருக்கு அது முதன்முதலில் தேவைப்படும் வாரத்தைக் குறியுங்கள். முதல் நாளுக்கு மிகச் சிலவே மிஞ்சும்: வகுப்பறை, குடிநீர், கழிவறை, பேருந்துப் பயண அட்டைக்கான விண்ணப்பம், வகுப்பு ஆசிரியரின் பெயர், பகடிவதை (ராகிங்) தடுப்புக்கான 1800-180-5522 என்ற இலவச எண். மற்றவை காத்திருக்கலாம்.

படி 2: நேரம் குறித்தல்

நான் இரண்டு முறை தவறியது இந்தப் படியில்தான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். முதலில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்குப் பின் வைத்தேன். உள்கிராமங்களுக்குச் செல்லும் பேருந்தை விட்டால் அடுத்த வண்டிக்கு இருட்டும்வரை நிற்க வேண்டும் என்பதால், பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வகுப்பு எழுந்து போயிற்று. அடுத்து சனிக்கிழமையை முயன்றேன். ஜவுளிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் பகுதிநேர வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் வரவில்லை, உண்மையில் அவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டல் மிகவும் தேவை. மூன்றாவதாக, கால அட்டவணைக்குள்ளேயே, இடைவேளைக்கு அடுத்த பாடவேளையை எடுத்துக்கொண்டோம். முதல் பாடவேளை வேண்டாம். பேருந்து தாமதத்தால் பலர் அதைத் தவறவிடுவார்கள். ஒரே பாடத்தின் வகுப்பு பத்து முறை பறிபோகாதபடி, வாரந்தோறும் கிழமையைச் சுழற்றுங்கள். இதைச் செய்த பிறகுதான் சக ஆசிரியர்களின் மறுப்பு நின்றது.

ஐப்பசி அடைமழை விடுமுறைகள் தொடங்குவதற்குள் பத்து வாரங்களும் முடிந்துவிட வேண்டும். குறுவை அறுவடையும் சம்பா நடவும் நெருங்கி வரும் வாரங்களில் வயல்வேலைக்காக வராமல் போகும் பிள்ளைகளும் உண்டு. வருகைப்பதிவு பற்றிய வகுப்பை அதற்கு முன்பே, மூன்றாம் வாரத்திலேயே வைத்துவிடுங்கள்.

படி 3: வழித்தடக் குழுக்கள்

துறைவாரியாகக் குழு பிரிப்பதை விட, பேருந்து வழித்தடவாரியாகப் பிரிப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். குடவாசல் வழி, வலங்கைமான் வழி, பாபநாசம் வழி, ஆடுதுறை வழி எனப் பன்னிரண்டு பேருக்கு ஒரு குழுவாக அமைத்து, அதே வழியில் வரும் மூன்றாமாண்டு மாணவர் இருவரை ஒவ்வொரு குழுவுக்கும் அண்ணனாகவோ அக்காவாகவோ சேர்த்தோம். நாள்தோறும் ஒரே நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குள் கேள்வி கேட்கும் தயக்கம் தானே மறைந்துவிடுகிறது. இந்த மூத்த மாணவர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரியில் நடக்கும் குழுச் சந்திப்புகளும் ஆசிரியர் அருகிலிருக்கும் வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். பகடிவதைக்குச் சிறு இடமும் தரக் கூடாது.

படி 4: உதவித்தொகை வாரம்

இரண்டாம் வாரத்தை முழுமையாக இதற்கே ஒதுக்குங்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பதும், அரசுத் தொகை வந்து சேரும் கணக்கோடு அந்த எண்ணை இணைத்திருப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. பள்ளியில் படித்தபோது திறந்த பழைய கணக்கு இணைப்பில் இருக்க, புதிய கணக்கின் புத்தகத்தைப் பார்த்துப் பணம் வரவில்லை என்று கலங்கியவர்கள் பலர். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்துவிடலாம். ஆனால் அதற்கான ஓடிபி, ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கே வரும், பெரும்பாலும் அது அப்பாவிடம் இருக்கும். எனவே முந்தைய நாளே சொல்லி, அந்த நேரத்தில் அழைப்பை எடுக்கத் தயாராக இருக்கும்படி அப்பாவிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

படி 5: மதிப்பெண் வாரங்கள்

மூன்றாம் வாரத்தில் வருகைப்பதிவோடு, 25 உள்மதிப்பீடு, 75 பருவத்தேர்வு என்ற பிரிப்பையும் சொல்லுங்கள். நூலகத்தை நான்காம் வாரத்தில் காட்டுங்கள். ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டே வெளியே வர வேண்டும்.

முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் மேடைப்பேச்சு வேண்டாம். ஒவ்வொருவரின் விடைத்தாளையும் அவரோடு அமர்ந்து பாருங்கள். 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கவனிக்காததால் தேர்ச்சி பெறாமல், அந்த உதவித்தொகையை இழந்து படிப்பை விட்டார். ஒரு பாடத்தில் ஒளிரும் பிள்ளை இன்னொன்றில் சரிவதை இந்த வாரத்திலேயே கண்டுகொள்ளலாம். தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக்கு வந்தவர்களுக்குக் கலைச்சொற்களை இருமொழியிலும் எழுதிய ஒரு தாளை அன்றே கொடுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, வருகையைக் குறிக்க நூறு பக்க நோட்டு ஒன்றே போதும். வாட்ஸப்பைப் பயன்படுத்தினால் குழுவாக அல்லாமல் கம்யூனிட்டியாக அமையுங்கள். சாதாரணக் குழுவில் மாணவியரின் எண் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களுக்குள் எண்கள் மறைந்திருக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் பின்பற்றிய வேறொரு கல்லூரி ஆசிரியர், இரண்டாம் கட்டக் கலந்தாய்வில் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களை இழக்கிறார்களே என்று கேட்டிருந்தார். எங்களுக்கும் அந்தச் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு வாரத்தின் செய்தியையும் ஒரே பக்கத் தாளாக அச்சிட்டு வைத்து, தாமதமாகச் சேர்பவரை அவர் வழித்தடக் குழுவின் அக்காவிடமோ அண்ணனிடமோ ஒப்படைக்கிறோம். விடுபட்ட தாள்களை ஒவ்வொன்றாக விளக்கி முடித்ததும், அந்த மூத்த மாணவர் நோட்டில் கையொப்பமிடுவார். வங்கி இணைப்பை மட்டும் ஆசிரியரே நேரில் சரிபார்க்க வேண்டும்.