உருகாதது எல்லாம் எரியாதது அன்று

உருகுநிலை மிக அதிகமான தனிமம் எளிதில் எரியாது என்று கொள்வதே, எது எரியும் எது எரியாது என்று கணிப்பதில் பரவலாக நேரும் தவறு. குண்டு பல்பின் இழையாகப் பயன்படும் டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆயினும் காற்றில் 500 டிகிரியைத் தாண்டும்போதே ஆக்சிஜனோடு வேகமாகச் சேரத் தொடங்கிவிடும். கண்ணாடியில் விரிசல் விழுந்த குண்டு பல்பை எரியவிட்டவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: இழை ஒரு கணம் பளிச்சிட்டு அற்றுப்போக, கண்ணாடியின் உட்புறத்தில் வெண்மஞ்சள் படலம் படிந்திருக்கும். அது டங்ஸ்டன் ஆக்சைடு, அதாவது டங்ஸ்டனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டான பொருள். நல்ல பல்பில் அதே இழை ஏறத்தாழ 2,500 டிகிரியிலும் பல நூறு மணி நேரம் நிலைப்பதற்கு, உள்ளே ஆக்சிஜனுக்குப் பதிலாக ஆர்கான் போன்ற வாயு இருப்பதே காரணம்.

எரியாத உலோகம் ஆக்சிஜனை நாடாது என்பதும் பாதி உண்மைதான். தங்கத்துக்கு அது பொருந்தும். அதன் ஆக்சைடு சூட்டில் நிலைக்காது என்பதால் பொற்கொல்லரின் ஊதுகுழல் நெருப்பில் தங்கம் உருகுமே தவிர எரியாது. அலுமினியமோ ஆக்சிஜனை மிகத் தீவிரமாக நாடுவது. அந்த நாட்டமே அதற்குக் கவசமும் ஆகிறது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலம் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்கிறது. உலோகம் 660 டிகிரியில் உருகினாலும் படலம் 2,000 டிகிரிக்கு மேலும் திடமாகவே இருக்கிறது. தண்ணீர் வற்றி அடுப்பில் மறந்துபோன அலுமினியப் பாத்திரம் அடி உருகித் தொங்கினாலும் தீப்பற்றாமல் இருப்பது இதனால்தான். ஹீட்டரில் உள்ள நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பியைக் காப்பதும் இப்படிப்பட்ட குரோமியம் ஆக்சைடுப் படலமே. மக்னீசியத்தின் ஆக்சைடோ, தான் உருவான உலோகத்தைவிடக் குறைந்த இடத்தையே பிடிப்பதால் பிளவுபட்டு, அடியிலுள்ள உலோகத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. மாலிப்டினம் என்ற உலோகத்தின் ஆக்சைடு 800 டிகிரியை ஒட்டி ஆவியாகவே போய்விடும். ஆகவே, ஒரு தனிமம் எரியுமா என்று கேட்பவர் உருகுநிலை அட்டவணையைப் புரட்டுமுன் அதன் ஆக்சைடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

வடிவத்தை மறப்பதும் தவறே. இரும்பு ஆணி எரியாது, நுண்ணிய இரும்பு நார் தீக்குச்சியிலேயே பற்றும். பாத்திரமாக இருந்து பணிவாக நடந்துகொண்ட அலுமினியம் தூளானால் வெடிக்கவும் கூடும்.

கார்பனின் ஒரு வடிவமான வைரம் அழியாது என்ற நம்பிக்கையை, 1772-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து அதை எரித்ததோடு விட்டிருக்க வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு, எரியும் மக்னீசியத்தின்மேல் தண்ணீர் ஊற்றுவது: ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ சீறும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் உதவாது, ஏனெனில் மக்னீசியம் அதிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியை மிச்சம் வைக்கும். ஈரமில்லாத உலர் மணலால் மூட வேண்டும்.