நச்சு நீக்கும் பானம்: உண்மையில் நீக்குகிறதா என்று சோதிப்பது எப்படி?

"உடலைச் சுத்தப்படுத்தும்" என்று பாட்டிலில் அச்சிடுவது எளிது. எந்த நச்சு, எந்த வழியாக, எவ்வளவு என்று கேட்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கிவிடும்; அதை வைத்துப் பத்து நாள் பானத்தை மதிப்பிட முடியாது. பென்சீன், அக்ரோலீன் போன்ற காற்று மாசுகள் உடலில் உருமாறி ஓரிரு நாளில் சிறுநீரில் வந்துவிடும். முதல் சோதனைக்கு இவையே ஏற்றவை.

பென்சீனை எடுத்துக்கொள்வோம். அது கல்லீரலில் ஆக்சைடாக மாறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு, உடல் தானே உண்டாக்கும் நச்சு முறிக்கும் மூலக்கூறான குளூட்டாதயோனுடன் இணைந்து, எஸ்-ஃபினைல் மெர்காப்டூரிக் அமிலமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 9 மணி நேரம். நாம் அளக்க வேண்டியது இந்த அமிலத்தை. பென்சீன் சிதைந்து உண்டாகும் மற்றொரு பொருளான மியூக்கோனிக் அமிலத்தை அளப்பது சிலருக்கு மலிவான வழியாகத் தோன்றும். அங்கே ஒரு பொறி இருக்கிறது: உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் சோர்பேட்டும் உடலில் மியூக்கோனிக் அமிலமாக மாறும். பானத்திலேயே சோர்பேட் இருந்தால், குடித்தவர் சிறுநீரில் அளவு எகிறும். பானம் வேலை செய்ததாக எல்லோரும் மகிழ்ந்துவிடுவோம்.

இவ்வகைச் சோதனைக்கு நல்ல முன்மாதிரி சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள சிடோங்கில் நடந்தது. முடிவு 2014-இல் வெளியானது. 291 பேர், 12 வாரம். புரோக்கோலி முளைப் பானத்தில் தினமும் 600 மைக்ரோமோல் குளூக்கோராஃபனினும் 40 மைக்ரோமோல் சல்ஃபோராஃபேனும் இருந்தன. குளூட்டாதயோன் வழியைத் தூண்டுவது சல்ஃபோராஃபேன்; குளூக்கோராஃபனின் அதன் மூலப்பொருள். போலி பானம் (இந்தப் பொருள்கள் இல்லாத, அதே போலத் தோன்றும் பானம்) குடித்தவர்களோடு ஒப்பிட்டால், பென்சீனின் மெர்காப்டூரிக் அமிலம் 61 சதவீதமும் அக்ரோலீனுடையது 23 சதவீதமும் கூடின. மற்றொரு காற்று மாசான குரோட்டனால்டிஹைடில் மாற்றம் தெரியவில்லை. ஒரே பானம், மூன்று மாசு, மூன்று விடை.

பானத்தைத் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியது சல்ஃபோராஃபேனின் நிலையாமை. நீரில் கரைத்து வைத்தால் சிதையும். குளூக்கோராஃபனினைச் சல்ஃபோராஃபேனாக மாற்றும் மைரோசினேஸ் நொதியோ சூட்டில் செத்துவிடும். ஆகவே உறைஉலர்த்திய பொடியை ஒரு வேளைக்கான அளவாகப் பொட்டலமிட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைத்து, குடிக்கும் நேரத்தில் கலக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சில பொட்டலங்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஆய்வகத்தில் அளந்து பாருங்கள். போலி பானத்துக்கு நிறமும் அளவும் ஒன்றாக இருந்தால் போதாது. கந்தக நெடியையும் மறைக்க வேண்டும். அன்னாசி, எலுமிச்சைச் சாறு இரண்டு பானத்திலும் கலந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

நெறிமுறைக் குழு ஒப்புதல், எழுத்து வழிச் சம்மதம், சோதனைப் பதிவு ஆகிய மூன்றும் முடியாமல் ஒருவரையும் சேர்க்கக் கூடாது. கர்ப்பிணிகள், தைராய்டு அல்லது கல்லீரல் நோயுள்ளவர்கள் வேண்டாம். புகைப்பவர் சிறுநீரில் பென்சீனின் மெர்காப்டூரிக் அமிலம் பல மடங்கு இருக்கும். "புகைப்பதில்லை" என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், நிகோட்டின் உடலில் மாறி உண்டாகும் கோட்டினினை அளந்து பார்த்தே சேர்த்துக்கொள்ளுங்கள். புரோக்கோலியின் உறவுத் தாவரங்களான முட்டைகோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றைச் சோதனைக் காலம் முழுக்க இரு குழுவும் தவிர்க்க வேண்டும். குளூட்டாதயோனை இணைக்கும் நொதிக்கான ஜிஎஸ்டிடி1 மரபணு இல்லாதவர்கள் இந்த அமிலத்தை மிகக் குறைவாகவே வெளியேற்றுவர். முன்பே கண்டறிந்து இரு குழுவிலும் சமமாகப் பிரிக்காவிட்டால், மரபணு வேறுபாடு பானத்தின் பலன் போலத் தெரியும்.

எத்தனை பேர் தேவை? ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைக் காட்டும் திட்டவிலக்கம், இயல் மடக்கை அளவில் 0.7 என்று கொள்வோம். 30 சதவீத உயர்வைப் பிடிக்க, ஒரு குழுவுக்கு 16 × (0.7 ÷ 0.262)², அதாவது 114 பேர். இங்கே 0.262 என்பது 1.3-இன் மடக்கை; 16 என்பது இத்தகைய கணக்கின் வழக்கமான பெருக்கி. 60 சதவீத உயர்வுக்கு 36 பேர் போதும். திட்டவிலக்கத்தை ஊகிக்காமல், சிறு முன்னோட்டத்திலிருந்து எடுப்பது நல்லது.

இரு குழுவும் ஒரே நாள்களில் குடிக்க வேண்டும். முதல் மாதம் பானம், அடுத்த மாதம் வெறும் நீர் என்று ஒரே ஆட்களுக்குக் கொடுத்தால், பருவம் மாறிக் காற்றில் பென்சீன் கூடியதா, பானம் பலித்ததா என்று பிரிக்கவே முடியாது. இந்த வகைச் சோதனைகளை இது எளிதில் கெடுத்துவிடும். சுவாசிக்கும் காற்றில் உள்ள பென்சீனை அறிய, சட்டையில் குத்தும் சிறு காற்று மாதிரிப் பட்டைகளைச் சிலருக்காவது அணிவியுங்கள்.

குடிக்கத் தொடங்குமுன் மூன்று இரவும், பிறகு குறித்த நாள்களிலும் 12 மணி நேர இரவுச் சிறுநீரை முழுதாகச் சேகரித்து, மொத்த அளவைக் குறித்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். அதே சிறுநீரில் சல்ஃபோராஃபேனின் சிதைபொருளையும் அளந்தால் யார் உண்மையில் குடித்தார்கள் என்று தெரிந்துவிடும். சிறுநீர் எவ்வளவு நீர்த்தது என்று காட்டும் கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராமுக்குள் இல்லாத மாதிரிகளை ஒதுக்குங்கள்.

அளப்பதற்கு நிறைமாலைமானி இணைந்த திரவ நிறப்பிரிகையும் (பொருள்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி), டியூட்டீரியம் ஏற்றிய உட்தரமும் (ஒப்பிட மாதிரியில் சேர்க்கும், அளவு தெரிந்த பொருள்) வேண்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: சிறுநீரில் இந்த அமிலத்தின் ஒரு முன்வடிவம் இருக்கிறது, அமிலச் சூழலில் அது மெர்காப்டூரிக் அமிலமாகவே மாறிவிடுகிறது. எல்லா மாதிரிக்கும் ஒரே பிஹெச் வைக்காவிட்டால் எண்கள் தள்ளாடும்.

உள்ளிழுத்த பென்சீனில் இந்த அமிலமாக வெளியேறுவது சுமார் 0.1 சதவீதமே. எனவே 61 சதவீத உயர்வை "61 சதவீதம் கூடுதல் பென்சீன் நீங்கியது" என்று எழுதுவது தவறு. குளூட்டாதயோன் வழி வேகம் பிடித்தது என்று மட்டுமே சொல்லலாம். நோய் குறையுமா என்பது இந்தச் சோதனையின் கேள்வியே அல்ல.

உயர்வு தெரிந்தால் அடுத்து முழு, பாதி, ஐந்தில் ஒரு பங்கு என அளவு குறைத்துப் பாருங்கள். 2019-இல் வெளியான சிடோங் ஆய்வில் பத்து நாளில் முழு அளவு மட்டுமே தெளிவான மாற்றம் காட்டியது.