கிரீஸ் கழுவுகிறவர்கள் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி

திருகோணமலையில் துறைமுகப் பக்கமோ சீனக்குடாப் பக்கமோ எஞ்சின் கழுவுகிற, வெல்டிங் அடிக்கிற வேலையா? முதலில், கிரீஸ் போக்க எதை ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். பெயரில்லாமல் சோடாப் போத்தலில் வந்தால் தொடாதீர்கள், பெரிய கேனின் லேபிளைக் கேளுங்கள். அதில் டிரைகுளோரோஎத்திலீன் என்றிருந்தால், அது சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முடிவு செய்த திரவம். இனிப்பு வாசம் அடிக்கும், ஆவி காற்றைவிடக் கனம், அதனால் படகின் அடித்தட்டிலும் கராஜ் குழியிலும் தேங்கி நிற்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். துணி மாஸ்க் இதை மறிக்காது, மெல்லிய ரப்பர் கையுறையும் போதாது. வேறு திரவம் தரச்சொல்லிக் கேட்பதுதான் சரியான வழி. அதுவரை வெட்டவெளியில் வைத்துக் கழுவுங்கள்.

வெல்டிங் புகையும் கட்மியம் என்ற உலோகமும் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் இவ்வளவு வலுவில்லை, ஆனாலும் தள்ளி நிற்பதே நல்லது. சிகரெட்டும் கட்டுப்படாத பிரஷரும் ஆபத்தைக் கூட்டும்.

அப்புறம், சலத்தில் இரத்தம் கண்டால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே டொக்டரிடம் போங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தத் திரவம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.