காப்புரிமை எடுக்கும் முன் ஊருக்குக் காட்டாதீர்கள்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து லேத் பட்டறைகளிலிருந்தும், கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள இன்ஜினீயரிங் கல்லூரிகளிலிருந்தும் பேடன்ட் விஷயமாக என்னைத் தேடி வருபவர்கள் இப்போது அதிகம். தேங்காய் உரிக்கும் மிஷின், மட்டையை நாராக்கும் மிஷின், சொட்டுநீர்க் குழாய்க்கு வால்வு, மோட்டாரை நிறுத்தும் மொபைல் ஆப் என்று துறைகள் மாறுகின்றன. தவறுகள் மாறவில்லை. நாங்கள் இந்த வேலைக்குள் நுழைந்த காலத்தில் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கையெழுத்து விடுபட்டது, முகவரி தப்பானது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைக் காப்புரிமை அலுவலகமே சுட்டிக்காட்டும், திருத்திக்கொள்ளலாம். திருத்தவே முடியாதது ஒன்று இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஊருக்குக் காட்டுவது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பட்டறைக்காரர். தேங்காய் உரிக்கும் மிஷினில் முள் வைத்த இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். காய் சிறிதாக இருந்தால் முள் பிடிக்காது, பெரிதாக இருந்தால் சிரட்டை உடையும். காயின் பருமனுக்குத் தக்கபடி உருளைகளின் இடைவெளி தானாகவே மாறுமாறு இவர் ஒரு நெம்புகோல் அமைப்பைச் செய்திருந்தார். அருமையான வேலை. அதை ஒரு விவசாயக் கண்காட்சியில் வைத்தார், சான்றிதழ் கொடுத்தார்கள். அப்புறம் மூடியைக் கழற்றி, நெம்புகோல் எப்படி நகர்கிறது என்று விளக்கி யூடியூபில் வீடியோ போட்டார். மச்சானின் களத்துக்கு ஒரு மிஷின் விற்றார். ஒன்றரை வருஷம் கழித்து வேறொருவர் மூலம் விண்ணப்பித்தார். காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை வந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார். முன்பே வெளியாகிவிட்டது என்பதற்கு அதில் காட்டியிருந்த சான்று அவருடைய வீடியோதான்.

"அது நான் போட்டதுதானுங்களே அண்ணா?" என்றார்.

"அதுதாங்க பிரச்சினையே" என்றேன்.

யார் வெளியிட்டார்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியே தெரிந்துவிட்டால் அது புதியது அல்ல. கண்காட்சிக்குச் சலுகை உண்டே என்று சிலர் சொல்வார்கள். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 31ஆம் பிரிவு அப்படி ஒரு 12 மாத அவகாசம் தருவது உண்மைதான். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கல்யாண மண்டபத்திலும் கல்லூரி மைதானத்திலும் நடப்பவை அதில் வராது. பொது இடத்தில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டிய கருவியாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த நியாயமான சோதனைக்கு 32ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. சோதனைக்கு மட்டும்தான், மச்சானுக்கு விற்றதற்கு அல்ல.

ஒரே ஒருவரிடம் கொடுத்தால்கூட ஆபத்து. அமெரிக்காவில் பார்ன்ஸ் என்பவர் பெண்கள் இடையை இறுக்க உடைக்குள் அணியும் கார்செட்டுக்கு உடையாத எஃகுப் பட்டை செய்து 1855இல் தன் தோழிக்குக் கொடுத்தார். அந்தத் தோழி அதை உடைக்குள் அணிந்திருந்தார், வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. 1866இல்தான் பார்ன்ஸ் விண்ணப்பித்தார். 1881இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைப் பொதுப் பயன்பாடு என்று சொல்லிக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. ரகசியம் காக்கச் சொல்லாமல் கொடுத்துவிட்டார் என்பதுதான் காரணம்.

இப்படி முன்கூட்டியே காட்டிவிடும் கல்லூரி மாணவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விண்ணப்பம் போட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மேடையில் ஏற்றி, பத்திரிகைக்குப் போட்டோ கொடுக்கும் பெரியவர்கள் மேல்தான் கோபம். முழு விவரம் தருவதற்கு முன்பே தேதியைப் பிடித்துவைக்கத் தனிநபர் ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தப் பட்டறைக்காரர் கண்காட்சி ஸ்டாலுக்கே அதைவிட அதிகம் கட்டியிருந்தார். முதலில் விண்ணப்பம், அப்புறம் மேடை. களத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், சொந்தக்காரராகவே இருந்தாலும், ரகசியம் காப்பேன் என்று எழுதி வாங்குங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நெம்புகோல் கைவிட்டுப் போனது. பின்னாளில் அதே மிஷினில் நாரையும் தூசியையும் பிரிக்கும் பகுதியை அவர் புதிதாகச் செய்தார். அதற்கு மட்டும் விண்ணப்பம் போட்ட பிறகே பட்டறைக் கதவைத் திறந்தார்.

தற்காலிக விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதுவது

தேதி கிடைத்தால் போதும் என்று "தேங்காய் உரிக்கும் மேம்பட்ட கருவி" என மேலோட்டமாக எழுதிவிடுகிறார்கள். அந்தத் தேதி, அதில் விளக்கியவற்றுக்கு மட்டும்தான் கிடைக்கும். நெம்புகோலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் நெம்புகோலுக்குத் தேதி இல்லை. கையால் வரைந்த படமானாலும் சேருங்கள். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

"கடையில் இல்லை, அதனால் புதிது"

கடையில் தேடினால் போதாது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேடன்ட்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் மூன்றுமே இலவசம். பலகையில் பாய் கட்டிக் கடலில் ஓடும் விண்ட்சர்ஃபிங் பலகையின் காப்புரிமை 1985இல் இங்கிலாந்தில் செல்லாமல் போனது. பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் 1958இலேயே ஹேலிங் தீவில் அதுபோல ஒன்றைச் செய்து ஓட்டியிருந்தான். பாயைப் பிடிக்க அவன் வைத்திருந்தது நேரான கழி, காப்புரிமையில் இருந்தது வளைந்த கழி. அந்த வித்தியாசம் போதாது என்றது நீதிமன்றம்.

நம் நாட்டிலும் மிர்சாபூர் பாத்திரத் தொழிலில் நடந்த வழக்கு உண்டு. பாத்திரம் கடையும் லேத்தில், கடையும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். தொழிலில் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள் என்று 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டறையில் கை தேர்ந்தவர் யோசித்தாலே வரக்கூடிய மாற்றத்துக்குக் காப்புரிமை கிடையாது. லேத் வேலை தெரிந்த நண்பரிடம் மிஷினைக் காட்டாமல் பிரச்சினையை மட்டும் சொல்லுங்கள். அவரும் உடனே அதே வழியைச் சொன்னால் இன்னும் யோசிக்க வேண்டும்.

முறைக்குக் காப்புரிமை கேட்பது

விவசாய முறைக்குக் காப்புரிமை இல்லை, கருவிக்கு உண்டு. தென்னைக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்பது முறை. விடுகிற வால்வு கருவி. வெறும் மென்பொருளுக்கும் கணக்கு வழிமுறைக்கும் கிடையாது. மோட்டார் ஆப்காரர்கள் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

"பேடன்ட் பெற்றது" ஸ்டிக்கர்

வழங்கும் வரை ஒட்டாதீர்கள். அபராதம் உண்டு.

கேரளத்துக்குத் தனியாக எடுக்கலாமா?

வேண்டாம். இந்தியா முழுவதுக்கும் ஒன்றுதான். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் ஒரே அலுவலகம், சென்னை கிண்டியில்.

உலக பேடன்ட்

அப்படி ஒன்று இல்லை.

போட்டுவிட்டுக் காத்திருப்பது

விண்ணப்பம் தானாகப் பரிசோதனைக்குப் போகாது. படிவம் 18 கொடுத்துக் கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் இருந்த கெடு, 2024 மார்ச் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம். பழைய கணக்கை நம்பி இருந்தவர் ஒருவரிடம் போன மாதம்தான் பேசினேன். அதிர்ஷ்டவசமாக அவருக்கு இன்னும் சில வாரங்கள் மீதி இருந்தன.